வண்டல் மேல் கட்டிய வீடு

சந்தனமேரி பிறந்தது மீமிசல் பக்கத்தில், கடலோரக் கிராமம் ஒன்றில். அந்தக் கரையில் மணலைவிடச் சேறுதான் அதிகம். அலை பெரிதாக அடிக்காது. தண்ணீர் வடிந்துபோனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு மினுங்கிக்கொண்டு கிடக்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பிள்ளைகள் அதில் இறங்கி நண்டு பிடிப்பார்கள். அப்படிப் போன ஒரு நாள், மற்றவர்கள் மிதித்துப் போன தடத்தை விட்டுச் சற்று விலகிக் கால் வைத்துவிட்டாள் மேரி. முழங்கால் வரை உள்ளே போனது. ஒரு காலை உருவப் பார்த்தால் மற்றக் கால் இன்னும் கீழே இறங்கியது. சேறு இடுப்பைப் பிடித்த பிறகுதான் அவளுக்குக் கத்தவே தோன்றியது. கேட்டவர்கள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவள் அம்மா ஒரு பழைய வலையைச் சேற்றின் மேல் விரித்து, அதன் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தாள். "காலை ஒதறாத. ஒடம்பைச் சாய்ச்சுப் படு" என்று சொல்லிக்கொண்டே கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். கால் வெளியே வரும்போது சேறு ஒரு சத்தம் போட்டது. பால் குடித்த குழந்தை வாயை எடுக்கும்போது வருமே, அந்த மாதிரி. அந்தச் சத்தம் சாகிற வரைக்கும் காதை விட்டுப் போகாது என்பாள் மேரி.

அதன் பிறகு அவள் கடலில் கால் நனைத்ததில்லை. மீன் பிடிக்கிறவன் மகளுக்குத் தண்ணீரைக் கண்டால் பயமா என்று ஊரே சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், ஆனால் இறங்கவில்லை.

அரிமளத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து மாப்பிள்ளை வந்தபோது, அவள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாளோ இல்லையோ, அந்த ஊர் மண்ணைப் பற்றித்தான் விசாரித்தாள். செம்மண் பூமி, தோண்டினால் செம்பாறாங்கல், கடப்பாரையே மழுங்கும் என்றார்கள். சம்மதித்துவிட்டாள். மாப்பிள்ளை நிலவழகன் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பான். மாமனார் வீரய்யா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். மாமியார் முன்பே இறந்துவிட்டாள். மேரிக்குப் பால்வாடியில் டீச்சர் வேலை கிடைத்தது. ஒரு மகள் பிறந்தாள். அறிவுமதி என்று பெயர் வைத்தார்கள். செம்மண்ணில் நடந்து வேலைக்குப் போய்வந்த அந்த வருஷங்களில் மேரிக்குப் பயம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

பூர்வீக வீடு பங்காளிகளுக்குள் பிரிந்தபோது புதிதாக மனை வாங்க வேண்டி வந்தது. ரோட்டை ஒட்டி 'குறிஞ்சி நகர்' என்று பலகை நட்டுக் கல் ஊன்றியிருந்தார்கள். நிலவழகன் லீவில் வந்து பார்த்துவிட்டு உடனே முடித்துவிட்டான். பஸ் பக்கம், ஸ்கூல் பக்கம், சமதளமான பூமி. இரண்டாவது தடவை போகும்போது மேரியையும் கூட்டிப்போனான்; அவள் கண்ணில் முதலில் பட்டது நிறம். சுற்றிலும் எங்கே பார்த்தாலும் சிவப்பு. குறிஞ்சி நகர் மட்டும் கறுப்பு. ஒரு வட்டச் சிவப்புத் துணியின் நடுவில் மை கொட்டிய மாதிரி இருந்தது. ரோட்டிலிருந்து உள்ளே போக வண்டி லேசாக இறங்கியது. இவ்வளவு சமமான இடம் இந்தப் பக்கத்தில் வேறெங்கும் இல்லையே என்று அவள் கேட்டாள். அதுதான் இதில் வசதியே என்றான் அவன்.

வீடு கட்டத் தண்ணீர் வேண்டும் என்று முதலில் போர் போட்டார்கள். நிலவழகன் குவைத்துக்குத் திரும்பிவிட்டதால் மேரிதான் பக்கத்தில் நின்று பார்த்தாள். போர் வண்டிக்காரர் ரெங்கசாமி நல்ல பேச்சுக்காரர். பைப் இறங்க இறங்க உள்ளிருந்து மண் குழம்பாகப் பீறிட்டு வந்தது. முதலில் கறுப்பு, மாவு மாதிரி நைசாக. அது வந்துகொண்டே இருந்தது. பிறகு திடீரென்று பருமணல், மஞ்சள் நிறத்தில். அதற்குக் கீழே மறுபடியும் கறுப்பு. அதில் குட்டிக் குட்டி நத்தை ஓடுகள். அதற்கும் கீழே சுண்ணாம்புக் கட்டி மாதிரி சுக்கான்கல். ரொம்ப ஆழத்தில்தான் ஊரில் எல்லா இடத்திலும் மேலேயே கிடக்கிற சிவப்பு வந்தது.

மேரி நத்தை ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டாள்.

"இது கண்மாய் கெடந்த எடம் டீச்சர். சேவுகன் கண்மாய்னு பேரு. மண்ணு மூடித் தூந்துபோயி ரொம்ப நாளாச்சு" என்றார் ரெங்கசாமி.

டீயைக் குடித்தபடி அவர் விவரமும் சொன்னார். ஆதியில் அது வெறும் பள்ளம். மூன்று பக்கமும் மேடு. நாலாவது பக்கத்தில் எந்தக் காலத்திலோ கரை போட்டு மறித்துவிட்டார்கள், கண்மாய் ஆயிற்று. மேட்டில் பெய்கிற மழை வெறும் தண்ணீராக வராது, மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். ஓடுகிற வரைக்கும்தான் அதனால் சுமக்க முடியும். வந்து நின்றதும் சுமையை இறக்கி வைத்துவிடும். கனமான மணல் கால்வாய் வாயிலேயே விழுந்துவிடும். நைசான வண்டல் தண்ணீரோடு நடுப்பள்ளம் வரைக்கும் போய், மெதுவாகத் தெளிந்து, அடியில் உட்காரும். வருஷா வருஷம் ஒரு படிவு. தூர் வாரினால் கண்மாய் பிழைக்கும். வாராமல் விட்டால் அடி உயர்ந்து உயர்ந்து ஒரு நாள் பாதிக் கரைக்கு வந்துவிடும். பிறகு கருவேல முள் முளைக்கும், ஆடு மேயும், அப்புறம் கல் ஊன்றுவார்கள்.

நடுவில் மணல் வந்ததே, அது ஏன் என்று கேட்டாள் மேரி.

"அது ஏதோ பெரிய வெள்ளம் வந்த வருசமா இருக்கும். மேல இருக்குற பெரிய கண்மாய் ஒடஞ்சிருக்கலாம். அம்புட்டு மணலை நடுப்பள்ளம் வரைக்கும் தள்ளணும்னா சும்மா தண்ணியால முடியாது."

"மறுபடி தண்ணி வருமாண்ணே?"

ரெங்கசாமி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "மண்ணு ஏறியிருக்கு, அவ்வளவுதான். பள்ளம் பள்ளந்தானே டீச்சர்" என்றார்.

மேரி அன்றைக்கே குவைத்துக்குப் போன் போட்டாள். நிலவழகன் கோபப்படவில்லை, சிரித்தான். நாம் மட்டுமா, இத்தனை பேர் மனை வாங்கியிருக்கிறார்களே, பில்லர் போட்டு கான்கிரீட் பெல்ட் போட்டுக் கட்டினால் எந்த மண்ணாக இருந்தால் என்ன என்றான். வீரய்யா அதைக் கேட்டுவிட்டு, "மீமிசக்காரிக்கு ஈரத்துணியைக் கண்டாலும் பயம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். மேரி பேச்சை விட்டுவிட்டாள். வீடு எழும்பியது.

குடிபோன முதல் கோடையிலேயே வீட்டைச் சுற்றியிருந்த தரை பாளம் பாளமாக வெடித்தது. அறிவுமதியின் காது கம்மல் ஒரு வெடிப்பில் விழுந்தது. குச்சி விட்டுத் துழாவினார்கள், அடி அகப்படவில்லை. மழை பெய்ததும் அந்த வெடிப்புகள் எல்லாம் ஒரே நாளில் மூடிக்கொண்டன. மண் புடைத்தது. அடுப்படிக் கதவு நிலையில் இறுக்கிக்கொண்டு திறக்க மறுத்தது. மறு கோடையில் ஹால் சுவரில் மூலையிலிருந்து ஜன்னலுக்குச் சாய்வாக ஒரு கோடு ஓடியது. கொத்தனார் வந்து அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டில் ஒட்டி வைத்தார். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி நிற்கும், அசைந்தால் உடையும் என்றார். ஒரு மத்தியானம் மேரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஹாலில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ரொம்பச் சின்னச் சத்தம். அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. என்னவென்று அவளுக்குத் தெரியும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பயந்தவளின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பக்கத்தில் இருக்கிறவர்களுக்கே தெரியாது. மேரி வேலைக்குப் போனாள், சமைத்தாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள். ஆனால் தரையில் டைல்ஸ் எங்கே 'டொக்' என்று வெறும் சத்தம் கொடுக்கிறது என்று அவள் காலுக்கு மனப்பாடம். அந்த இடங்களைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பாள். ஐப்பசி பிறந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் துணி காயப்போடுவாள்.

இதற்கு நடுவில் வீரய்யாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. அத்தனை பெரிய குரலில் மிஞ்சியது 'சரி' என்ற ஒரே சொல்தான். பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றாலும் சரி. முன்பக்க அறையில் இரும்புக் கட்டில், அதில் ரெக்சின் போட்ட பஞ்சு மெத்தை. குளிப்பாட்டுவதும் திருப்பிப் போடுவதும் மேரியின் வேலை. அவரைத் தூக்க மட்டும் அவளால் முடியாது. ரோட்டு முனையில் பஞ்சர் கடை வைத்திருந்த குணசேகரன் வந்து கை கொடுத்துவிட்டுப் போவார். அறிவுமதி நர்சிங் படிக்கத் திருச்சி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள், பால்வாடியும் மூடியாயிற்று. குறிஞ்சி நகரில் வீடு கட்டியவர்கள் மொத்தமே கொஞ்சம் பேர்; அவர்களும் முதல் நாள் சாயங்காலமே சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மேரியும் கிளம்பத்தான் இருந்தாள். படுத்துக் கிடக்கிறவரை ஏற்ற வேன் வேண்டும். மறுநாள் காலையில் வருவதாக வேன்காரர் சொல்லியிருந்தார். துணிமணி, மருந்து, டயப்பர் எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் எழுந்து வாசலைப் பார்த்தாள். தரை நனைந்திருந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் நிம்மதியாகப் பாத்ரூமுக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். தண்ணீர் போகிற ஓட்டையிலிருந்து பழுப்பாக ஏதோ கொப்பளித்து மேலே வந்துகொண்டிருந்தது. போக வேண்டிய வழியில் அது வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்திலேயே அது அவள் பாதத்தைத் தொட்டது.

வேன்காரருக்குப் போன் போட்டாள். ரோட்டிலிருந்து நகருக்கு இறங்குகிற இடத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு அறுத்துக்கொண்டு ஓடுகிறது, வண்டி இறங்காது என்றார். பிறகு குணசேகரனைக் கூப்பிட்டாள்.

"பெரிய கண்மாய் நெறஞ்சு கலிங்கு எடுத்து ஓடுது டீச்சர். பழைய வாய்க்கா எல்லாம் அடைச்சுக் கெடக்கா, தண்ணி போறதுக்கு வழியில்லாம அம்புட்டும் நம்ம பக்கந்தான் திரும்புது. நீங்க மாடிக்கு ஏறிருங்க. நான் பயர் சர்வீசுக்குச் சொல்லிட்டு வாரேன்."

"மாமாவை எப்படிண்ணே ஏத்துவேன்?"

எப்படியாவது வந்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் ஒரு டிராக்டரை ஏற்பாடு பண்ணி நகருக்குள் இறக்கிப் பார்த்தார் என்பதும், அது பாதி வழியிலேயே வண்டலில் புதைந்து என்ஜின் மூழ்கிப்போனது என்பதும் மேரிக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் மெயின் சுவிட்சை அணைத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெள்ளம் என்றால் சத்தத்தோடு வரும் என்றுதான் நினைத்திருந்தாள். இது சத்தமே போடவில்லை. அலை இல்லை, நுரை இல்லை. மனைக் கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. காம்பவுண்டு சுவர்களைச் சுற்றி வந்து, காலி மனைகளை நிரப்பி, தனித்தனியாகக் கிடந்த தண்ணீர் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே தகடாக ஆனது. மேட்டுப் பக்கம் ஒரு கோடு, கரைப் பக்கம் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் தண்ணீர் அளவெடுத்த மாதிரி பொருந்திக்கொண்டிருந்தது. தான் பார்ப்பது வெள்ளத்தை அல்ல, ஒரு கண்மாய் உண்டாவதை என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. அந்தக் கண்மாயின் அடியில் தானும் மாமனாரும் இருப்பதும் புரிந்தது. வாந்தி எடுத்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து வீரய்யாவைக் கட்டிலிலிருந்து இழுத்துப் பார்த்தாள். அரை முழம்கூட நகர்த்த முடியவில்லை. மாடிப் படி வீட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் இருந்தது. அவரைத் தரையில் போட்டு இழுத்தால் வாசல் வரைக்கும் போவதற்குள் அவர் முகம் தண்ணீருக்குள் போய்விடும். தண்ணீர் அவள் முழங்காலில் நின்றது. அவர் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

அப்போது அவளுக்கு மீமிசல் நினைவுக்கு வந்தது. கரையில் ஏற்றி வைத்த மீன்பிடி வள்ளத்தைப் பத்து ஆம்பளைகள் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. கடல் ஏறி அடியில் தண்ணீர் வந்ததும் ஒற்றை ஆள் தோள் கொடுத்தால் போதும், போய்விடும்.

வாழ்நாளெல்லாம் தண்ணீருக்குப் பயந்தவள், அது இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டியதாயிற்று. அவள் வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான நேரம் இல்லை. காலியாகக் கிடந்த தண்ணீர் கேன்களை மூடி இறுக்கி எடுத்து வந்தாள். பழைய சேலையைக் கிழித்து, அவர் கக்கத்துக்கு இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டினாள். மெத்தையின் நான்கு மூலைக்கும் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. கட்டி முடித்துவிட்டுக் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொடைக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. ஜெபம் வரவில்லை. 'மாதாவே' என்ற பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு தண்ணீர்ப்பாம்பு வாசல் வழியாக வந்து, அலமாரிப் பக்கம் நெளிந்து போனது. அதற்குப் பயப்படக்கூட அவளிடம் பயம் மிச்சமில்லை.

மெத்தை கட்டிலை விட்டுக் கிளம்பியது. லேசாக ஆடியது. அவள் தள்ளிப் பார்த்தாள். வந்தது.

அறை வாசலைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, வெளியே வராந்தாவுக்கு வந்தார்கள். மழை முகத்தில் அடித்தது. சுவரை ஒட்டிச் சிமெண்ட் போட்டிருந்த வரைக்கும் காலுக்குத் தரை இருந்தது. படிக்குச் சற்று முன்னால் அது முடிந்துபோயிற்று. அடுத்த எட்டில் மேரியின் கால் வண்டலுக்குள் இறங்கியது. முழங்கால் வரைக்கும் ஒரே மூச்சில். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. உருவப் பார்த்தாள், மற்றக் கால் போயிற்று. சின்ன வயதில் பிடித்த அதே கை மறுபடி வந்து பிடித்த மாதிரி இருந்தது. அவள் அலறினாள். கேட்க யாரும் இல்லை. வீரய்யாவின் இடது கை அவள் கூந்தலைப் பற்றிக்கொண்டது. அவர் காப்பாற்றப் பிடித்தாரா, பயத்தில் பிடித்தாரா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த இழுப்பில் அவள் உடம்பு சாய்ந்தது. சாய்ந்ததும் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. உதறுவதை நிறுத்தினாள். நெஞ்சை மெத்தை மேல் போட்டுத் தண்ணீரில் படுத்தாள். சேறு ஒவ்வொரு காலாக விட்டது. கையை நீட்டினாள், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பி அகப்பட்டது.

மூழ்கியிருந்த படிகளுக்கு மேல் மெத்தையை ஏற்றி, கேன்களோடு அவரை உட்கார்த்தி, பின்னாலிருந்து கக்கத்தில் கை கொடுத்து ஒவ்வொரு படியாக இழுத்தாள். படி திரும்புகிற இடத்துச் சின்னத் தளத்துக்கு மேல் அவளுக்குச் சக்தி இல்லை. அங்கேயே அவரை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே ஒரு படி மறைந்தது. பிறகு இன்னொன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் இன்னும் பயமாக இருந்தது, திறந்தாள்.

வீரய்யாவின் முகம் கோணி, வாய் அசைந்தது. 'சரி' என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

"மேரி... பயம்" என்றார்.

பக்கவாதம் வந்த பிறகு 'சரி'யைத் தவிர அவர் பேசியது அது ஒன்றுதான்.

"எனக்குந்தான் மாமா" என்றாள் அவள். இரண்டு பேரும் அழுதார்கள். அவர் தலையை மழை நனைக்காமல் தன் முந்தானையால் மூடினாள். முந்தானையும் சொட்டச் சொட்ட நனைந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் எந்தப் படியையும் மறைக்கவில்லை. அது நின்றுவிட்டது என்று நம்ப அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

பொழுது சாய்வதற்கு முன்னால் குணசேகரன் லாரி டியூப்களைக் கட்டிய பலகையோடு, தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கயிறு பிடித்து வந்து சேர்ந்தார். வீரய்யாவை ஏற்றிவிட்டு மேரியைக் கூப்பிட்டால் அவளால் கைப்பிடிக் கம்பியை விட முடியவில்லை. குணசேகரன் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்.

தண்ணீர் உடனே வடியவில்லை. மார்கழி முழுக்கக் குறிஞ்சி நகர் கண்மாயாகவே கிடந்தது. நாரையும் நீர்க்காகமும் வந்தன. ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் இறங்கியதும் மேரி மகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வீட்டைத் திறந்து பார்த்தாள். கேட்டுப் பக்கம் சொரசொரப்பான மணல் குவிந்திருந்தது. வராந்தாவில் சேறு. தண்ணீர் அசையாமல் நின்ற உள்ளறையில், தரை முழுக்க, சந்தனத்தை அரைத்துப் பூசிய மாதிரி வழவழவென்று வண்டல் படிந்திருந்தது. கட்டிலின் மேலும் படிந்திருந்தது, அலமாரிக்குள் மடித்து வைத்த துணிகளின் நடுவிலும் படிந்திருந்தது. ரெங்கசாமி சொன்ன ஒரு வருஷத்துப் படிவு இதுதான் என்று மேரி நினைத்தாள். நூறு வருஷம் கழித்து யாரோ போர் போட்டால் இந்த வீடும் ஒரு நிறமாக மேலே வரும். மகள் கழுவிவிடலாம் என்று வாளியை எடுத்தாள். வேண்டாம் என்று மேரி அவளை வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

நிலவழகன் அவசர லீவில் வந்தான். தரையை உயர்த்திவிடலாம், பெயிண்ட் அடித்தால் தெரியாது என்று ஆரம்பித்தான். மேரி எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாதவள்.

"நான் அங்கிட்டு வரமாட்டேங்க. நீங்க வேணும்னா இருங்க" என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பள்ளிக்கூட மேட்டில், செம்மண்ணில், ஒரு வாடகை வீடு பார்த்தான். வீரய்யா அந்த வீட்டில் பங்குனி வரைக்கும் இருந்தார். மழைச் சத்தம் கேட்டால் இடது கையை நீட்டுவார். மேரி போய்ப் பிடித்துக்கொள்வாள். ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடுத்த வருஷக் குடியரசு தினக் கிராமசபையில் ஒரு செய்தி வந்தது. பால்வாடிக்குப் புதுக் கட்டடம் அனுமதியாகியிருக்கிறது. குறிஞ்சி நகரில் பார்க்குக்கு ஒதுக்கிய காலி இடத்தில் கட்டப் போகிறார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மேரிக்குக் காது அடைத்துப்போயிற்று. அவள் கூட்டத்தில் எழுந்து பேசியதே கிடையாது. எழுந்தாள். சேலைக் கொசுவம் ஆடுவது பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரிந்தது.

"அங்க பிள்ளைகளை வைக்காதீங்க. நடக்கத் தெரியாத பிள்ளையெல்லாம் இருக்கு" என்றாள்.

வார்டு மெம்பர் ஒருவர், டீச்சருக்கு எப்பவுமே தண்ணீர்ப் பயம் என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. ஒன்றியத்திலிருந்து வந்திருந்த இலக்கியா என்ற இளம் என்ஜினியர் சிரிக்கவில்லை. எதனால் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். மேரி சொன்னாள்: பாத்ரூம் ஓட்டை, கட்டில், வண்டல், படி. பாதியில் அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே சொன்னாள். சொல்லி முடித்தபோது சிரித்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணசேகரன் எழுந்து, நான் விரல் பிரித்து எடுத்தேன், எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இலக்கியா அந்த வாரமே வந்து காலி இடத்தில் குழி வெட்டிப் பார்த்தாள். கட்டடம் பள்ளிக்கூட மேட்டுக்கு மாறியது. அடைபட்டுக் கிடந்த வாய்க்காலைத் திறந்துவிடப் போவதாக அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். இன்னும் வேலை தொடங்கவில்லை. மேரியின் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களை அவள் திருப்பி அனுப்பிவிடுகிறாள்.

பயம் தெளிந்துவிட்டதா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் இருட்டினால், பால்வாடியில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். குறிஞ்சி நகருக்குத் திரும்பிப் போன குடும்பங்கள் சில இன்னும் அங்கே இருக்கின்றன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தண்ணீர் எதுவரைக்கும் நிற்கிறது, கிளம்பிவிட்டீர்களா என்று கேட்பாள். முதல் வருஷம் சலித்துக்கொண்டு பதில் சொன்னார்கள். இப்போது முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

"கெளம்பிட்டோம் டீச்சர்" என்கிறார்கள்.

அத்தனை பேரும் அதைச் சொன்ன பிறகுதான் அவள் உள்ளே போய் உட்காருவாள்.